பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது?

பாலக்கோட்டிலிருந்து:

“அடுப்பு முன்னாடி நிக்கிறவளுக்குக் கையில பிளாஸ்டிக் வச்சா உருகிடாதா?”

எங்கள் பெரியம்மா டாக்டரிடமே கேட்டுவிட்டார். சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி கொட்டி வெந்த கை அது. புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இறுகிப்போய் முழங்கையை நீட்ட முடியவில்லை. தர்மபுரிக்குக் கூட்டிப்போனோம். பிளாஸ்டிக் சர்ஜரி செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதுமே பெரியம்மா எழுந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும்தான். பயப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

டாக்டர் சிரிக்கவில்லை. “வெளியிலிருந்து எதையும் வைக்க மாட்டோம்மா. உங்க தொடையிலிருந்தே மெல்லிசாத் தோல் எடுத்து இங்க ஒட்டுவோம். எடுத்த இடம் ரெண்டு வாரத்துல ஆறிடும்” என்றார்.

“அப்ப தோல் ஆபரேஷன்னு சொல்லித் தொலைக்கறதுதானே!”

இப்போது அந்தக் கையால்தான் களி கிண்டுகிறார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைத் தேடிப் படித்தேன். களிமண்ணைப் போலப் பிசைந்து உருவம் கொடுக்கத்தக்கது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்த சொல்தான் ‘பிளாஸ்டிக்’. எட்வர்ட் ட்சைஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1838-லேயே பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பெயரை வைத்து அறுவை மருத்துவ நூல் எழுதியிருக்கிறார். முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டை லியோ பேக்லேண்ட் உருவாக்கியது 1907-ல். அதாவது, ஆபரேஷனுக்குப் பெயர் வைத்து ஏறத்தாழ எழுபது வருடம் கழித்துத்தான் பேக்கலைட்டே வருகிறது. பெரியம்மாவிடம் சொன்னேன். “எது முதல்ல வந்தா எனக்கென்ன” என்று போய்விட்டார்.

ஓசூரிலிருந்து:

சிப்காட் பக்கம் வந்து பாருங்கள், இங்கே இரும்பையே பிளாஸ்டிக் என்பார்கள். புதிதாக வந்த பையன் ஒருவனிடம் இன்டர்வியூவில் ‘பிளாஸ்டிக் டிஃபார்மேஷன்’ என்றால் என்ன என்று கேட்டதற்கு, வெயிலில் நாற்காலி வளைவது என்றானாம். (அவனை வேலைக்கு எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.)

தகட்டை லேசாக வளைத்து விட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அது எலாஸ்டிக். ஓர் எல்லையைத் தாண்டி வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். அதுதான் பிளாஸ்டிக். பிரஸ்ஸில் அடிக்கிற கார் கதவிலிருந்து வீட்டு எவர்சில்வர் தட்டு வரை எல்லாம் இந்தக் குணத்தால்தான் உருவாகின்றன. ஆனால் எல்லை தாண்டினாலும் தகடு கொஞ்சம் பின்வாங்கும். 90 டிகிரி மடிப்பு வேண்டுமென்றால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக அமுக்க வேண்டும். எங்கள் சீனியர் ஆபரேட்டர் இதற்கு ‘ஸ்பிரிங் பேக்’ என்றெல்லாம் சொல்ல மாட்டார். “திமிறும்டா, கூட ஒரு அமுக்கு அமுக்கு” என்பார். பாடப்புத்தகத்தைவிட அதுதான் எனக்குச் சட்டென்று புரிந்தது.

அரூரிலிருந்து:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பிசியோதெரபிஸ்ட் “மூளை பிளாஸ்டிக் மாதிரிங்க ஐயா” என்றார். பேச முடியாத நிலையிலும் அப்பா முறைத்த முறைப்பை மறக்க முடியாது. அப்புறம் விளக்கினார்: பழுதான பகுதி செய்துகொண்டிருந்த வேலையை, திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தால், மூளையின் வேறு பகுதிகள் ஓரளவு பழகிக்கொள்ளும், தன் இணைப்புகளை அப்படி மாற்றிக்கொள்கிற குணத்துக்குத்தான் அந்தப் பெயர். அதன் பிறகு டம்ளரைப் பிடிக்கச் சொன்னால் அப்பா முரண்டு பிடிக்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து:

பேக்கலைட் என்றதும் ஞாபகம் வந்தது. வீட்டை ஒழித்தபோது உடைந்த பக்கெட், குடம், பேக்கலைட்டால் ஆன குக்கர் கைப்பிடி எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். மற்றதை எடை போட்டுக்கொண்டு கைப்பிடிகளை மட்டும் திருப்பித் தந்தார். “இது பிளாஸ்டிக் இல்லைங்க, உருகாது” என்றார்.

அவர் பார்வையில் சரிதான். பக்கெட்டை உருக்கி மறுபடி வார்க்கலாம். பேக்கலைட் அச்சில் ஒருமுறை இறுகிவிட்டால் முடிந்தது, மேலும் சூடாக்கினால் கருகும், இளகாது. அடுப்பருகே தாங்குவதும் அதனால்தான். முதல் பிளாஸ்டிக் என்று பேர் வாங்கியதே வளைய மறுக்கிறது, என்ன செய்ய! இந்தக் கைப்பிடி, பழைய சுவிட்சையெல்லாம் எடுத்துக்கொள்கிற கடை நம் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள், ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன்.