எச்.எம்.வி. 102 சாவி கிராமபோன்: ஓடும்போது 'தொம்' சத்தம், குரலும் அலைகிறது

தேவகோட்டையான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா ரங்கூனில் கடையில் இருந்த காலத்தில் வாங்கி வந்த பெட்டி இது. கறுப்பு ரெக்ஸின் போர்த்தியது, மூடியில் நாய்ப் படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. வீட்டு மேல்மாடியில் பல வருஷம் சும்மா கிடந்ததை இப்போது இறக்கியிருக்கிறேன்.

சாவி கொடுத்தால் சுற்றுகிறது. ஆனால் ஓட ஓட உள்ளிருந்து 'தொம்' என்று ஓர் அதிர்வு, அந்த நேரத்தில் பாட்டும் குலுங்குகிறது. நாகஸ்வர இசைத்தட்டு போட்டால் கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) நிற்காமல் அலைகிறது. கே.பி.சுந்தராம்பாள் தட்டில் குரல் மேலே போகும்போதெல்லாம் கரகரவென்று உதறல். இங்கே தையல் மிஷின் பார்ப்பவர், ஸ்பிரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். துரு நீக்கும் ஸ்பிரே அடித்தால் சரியாகுமா? ஊசி மாட்டும் வட்டமான சவுண்ட் பாக்ஸில் 5ஏ என்று போட்டிருக்கிறது.

மூர்மார்க்கெட்வாசி:

ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். பழைய கிரீஸைக் கரைத்துப் பல்சக்கரம் எல்லாம் பூசிவிடும், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். ஸ்பிரிங்கும் போயிருக்காது. அறுந்த ஸ்பிரிங் சாவியையே ஏற்காது. கைப்பிடி பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுடையது ஏற்கிறதே. மற்றதை நம்ம சாவிக்காரர் வந்து சொல்வார்.

சாவிக்காரர்:

தம்பி, முதலில் ஒன்று. 102 வந்தது 1931-இல். ஒலிப்பதிவு மின்சார முறைக்கு மாறிய பிறகு, அந்தத் தட்டுகளுக்காகவே செய்த பெட்டி. கையில் தூக்கிப் போகும் சாவிப்பெட்டிகளில் இவ்வளவு கனமாகப் பாடும் இன்னொன்றை நான் கேட்டதில்லை. அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள். வாங்கிப் போட வேண்டிய சாமான் மிகக் குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு.

'தொம்' சத்தம் மெயின் ஸ்பிரிங் டப்பாவிலிருந்து வருகிறது. சுருளுக்கு இடையில் இருக்கும் கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டது. சுருள் ஒரே சீராக விரியாமல், ஒட்டிய இடம் சட்டென்று விடுபடும்போது அந்த அடி கேட்கிறது. டப்பாவைத் திறந்து, ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிராஃபைட் கிரீஸ் போட்டுத் திரும்பச் சுருட்ட வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். பல அடி நீள எஃகுப் பட்டை அது. டப்பாவை விட்டு வெளியே பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும். தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் பழகிய ஆள், மூன்றும் வேண்டும்.

அதற்கும் முன்னால், பிரேக்கை விட்டு, சுழல்தட்டு தானாக நிற்கும்வரை முழுக்க ஓட விடுங்கள். சாவி ஏறியிருக்கும்போது, வேகத்தை அடக்கும் கவர்னரைக் கழற்றவே கூடாது. தடுக்க ஆளில்லாமல் மொத்த விசையும் ஒரே நொடியில் பாயும், பல்சக்கரம் பல்லை இழந்துவிடும். நல்ல மோட்டார்கள் பல இப்படித்தான் போயிருக்கின்றன.

குரல் அலைவது கவர்னர். ஒரு தண்டைச் சுற்றி மூன்று ஈயக்குண்டு, ஒவ்வொன்றும் மெல்லிய எஃகுத் தகட்டில் திருகியிருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், கூடவே ஒரு வட்டத் தகடு நகர்ந்து சின்னத் தோல் துண்டில் உரசும், வேகம் அடங்கும். வேலை அவ்வளவுதான். மூன்று தகட்டில் ஒன்று வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ கார்வை நிற்காது. நல்ல வெளிச்சத்தில், தகட்டின் திருகுத் துளையை ஒட்டி மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். உடைவது அநேகமாக அங்கேதான். மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் எடை ஒத்துவராது. தோல் துண்டு காய்ந்திருந்தால் கிறீச்சிடும், ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். தண்டை விரலால் தள்ளினால் இரு முனைக்கும் நடுவில் மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். இறுகினாலும் கெடுதி, தளர்ந்தாலும் கெடுதி.

கரகரப்பு சவுண்ட் பாக்ஸ். உள்ளே அலுமினியத் தகடு இருக்கும். அதன் விளிம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் கல்லாகியிருக்கும், டோன் ஆர்மில், அதாவது சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாய்க் கையில், மாட்டும் கழுத்து ரப்பரும் அப்படியே. காற்று கசிந்தால் அடிச்சுருதி போய்விடும், உச்சத்தில் உதறும். கழுத்து ரப்பரை நீங்களே மாற்றலாம். உள் ரப்பரைப் பழகியவரிடம் கொடுங்கள். ஊசி பிடிக்கும் தண்டு பொடி எஃகுக் குண்டுகளின் மேல் ஆடுகிறது. ஒன்று தரையில் உருண்டால் தேடிக் கிடைக்காது. அந்த அலுமினியத் தகட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

தேவகோட்டையான்:

ஐயா, மிக்க நன்றி. ஸ்பிரிங் டப்பாவை மதுரையில் பழைய கடிகாரக்காரர் ஒருவரிடம் கொடுத்து வாங்கினேன், 'தொம்' இப்போது இல்லை. கவர்னரில் ஒரு தகடு நீங்கள் சொன்ன இடத்திலேயே விரிசல் விட்டிருந்தது. மூன்றையும் மாற்றியாயிற்று. வேகத்தை எப்படிச் சரிபார்ப்பது? இன்னொன்று, சித்தப்பா வீட்டில் எல்.பி. தட்டுகள் இருக்கின்றன, போடலாமா?

சாவிக்காரர்:

எல்.பி. கூடவே கூடாது. இந்த ஆர்ம் 100 கிராமுக்கு மேல் அழுத்தும், பிளாஸ்டிக் தட்டை ஒரே ஓட்டில் உழுதுவிடும்.

வேகத்தைத் தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசியின் இழுப்பும் சேர்ந்ததுதான் உண்மையான வேகம். தட்டுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, 30 நொடிக்கு 39 சுற்று எண்ணுங்கள், அதாவது நிமிடத்துக்கு 78. இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால், 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் போட்ட டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் 77.92. எல்.இ.டி. விளக்கில் அநேகமாகத் தெரியாது. வேகம் 82, 83-க்குப் போனால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். கிட்டப்பா, சுந்தராம்பாள் இருவருக்கும் இயற்கையிலேயே உயர்ந்த சுருதி. அதன் மேல் நாமும் ஏற்றினால் குரலின் கனம் போய்க் கீச்சுக் குரல்தான் மிஞ்சும். அந்தக் குரல்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

மூர்மார்க்கெட்வாசி:

ஊசியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருக்கிறது. ஊசி முனையைப் பள்ளத்தின் வடிவுக்குத் தேய்ப்பதே அதுதான். தேய்ந்த முனையோடு இன்னொரு பக்கம் ஓட்டினால் ஓரம் கத்தியாகிப் பள்ளத்தைச் செதுக்கும். சாம்பல் நிறத்தில் வெளிறிய தட்டுகள் பார்த்திருப்பீர்கள், அப்படிப் போனவை.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் தொடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீர், மெல்லிய துணி, லேபிள் நனையாமல். உடனே துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள்.

தேவகோட்டையான்:

ஊசி டப்பா இரண்டுக்குச் சொல்லிவிட்டேன். சவுண்ட் பாக்ஸைப் பார்சலில் அனுப்புவதா, நேரில் கொண்டுபோவதா?

சாவிக்காரர்:

நேரில் கொண்டுபோங்கள் தம்பி. ஊசியைக் கழற்றிவிட்டு, பஞ்சு வைத்த தகர டப்பாவில், தகட்டுப் பக்கம் எதுவும் படாதபடி.