தப்பான வழியில் வந்த, கிட்டத்தட்டச் சரியான விடை

நிலையியல் (அசையாமல் நிற்கும் பொருள்கள்மீதான விசைகளைப் பற்றிய பாடம்) படிக்க ஆரம்பித்த புதிதில் நடந்தது. ஒரு எல் வடிவத் தாங்கி. சுவரில் பொருத்திய முனையிலிருந்து வலப்பக்கம் கிடையாக 0.4 மீட்டர், அங்கிருந்து மேலே 0.3 மீட்டர். நுனியில் 200 நியூட்டன் விசை, கிடைக்கோட்டோடு 60 டிகிரி சாய்வில், வலப்பக்கமாகக் கீழ்நோக்கி. சுவர் முனையைப் பொறுத்துத் திருப்புத்திறன், அதாவது அந்த முனையைச் சுற்றி விசை எவ்வளவு திருப்பப் பார்க்கிறது என்பதன் அளவு, என்ன என்பது கேள்வி.

முனைக்கும் நுனிக்கும் நேர்த்தொலைவு 0.5 மீட்டர். பெருக்கி 100 நியூட்டன் மீட்டர் என்று எழுதினேன். புத்தகத்தில் விடை 99.3. தசமத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

அடுத்ததிலும் அதே தாங்கி, அதே விசை, அதே கோணம். ஆனால் விசை இடப்பக்கமாகக் கீழே இறங்குகிறது. எனக்கு மறுபடியும் 100. விடையோ 39.3!

அன்று இரவு முழுக்க அது மனதை அரித்தது. கடைசியில் இரண்டாம் கணக்கின் படத்தை அளவோடு வரைந்து, விசையின் செயல்கோட்டை (விசை செயல்படும் நேர்கோட்டை) இரு பக்கமும் நீட்டினேன். முனையிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தொலைவு 0.196 மீட்டர்தான். பெருக்க வேண்டியது அதைத்தான். முதல் கணக்கில் விசை அந்த 0.5 மீட்டர் கோட்டுக்குச் செங்குத்திலிருந்து 7 டிகிரிகூட விலகவில்லை. அதனால்தான் தப்பு வெளியே தெரியவில்லை. விடை முழுக்கத் தவறியிருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன்.

இப்போது கூறுகளாகப் பிரித்துத்தான் செய்கிறேன். கிடைக்கூறு 100, செங்குத்துக்கூறு 173.2. முதல் கணக்கில் 173.2 × 0.4 = 69.3, 100 × 0.3 = 30; இரண்டும் வலஞ்சுழி, கூட்டினால் 99.3. இரண்டாவதில் கிடைக்கூறு இடஞ்சுழியாகத் திருப்புகிறது, ஆகவே 69.3 − 30 = 39.3. ஒரு விசையின் திருப்புத்திறன் அதன் கூறுகளின் திருப்புத்திறன்களைத் திசையோடு கூட்டியதற்குச் சமம்; வரிக்னான் தேற்றம் என்று மனப்பாடம் செய்திருந்தது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு எங்கே இடறியது?

மறுமொழி:
எனக்கு இரட்டையில், அதாவது எதிரெதிர்த் திசையில் இணையாக இயங்கும் இரு சம விசைகளில். தாங்கியில் 30 நியூட்டன் மீட்டர் இரட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு தொலைவால் பெருக்கிவிட்டேன். இரட்டையின் திருப்புத்திறன் எந்தப் புள்ளியைப் பொறுத்தும் அதேதான், அப்படியே சேர்க்க வேண்டியது. அலகை எழுதிப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

மறுமொழி:
எனக்குப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில். 6 மீட்டர் உத்தரம், இரு முனையிலும் தாங்கல், இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. நான் சுமைப் புள்ளியிலேயே திருப்புத்திறன் எடுத்தேன். தெரியாத இரண்டு தாங்கல் எதிர்விசைகளும் ஒரே சமன்பாட்டில் வந்து நின்றன. இடமுனையில் எடுத்தால் அங்குள்ள எதிர்விசை கழன்றுவிடும்: 12 × 2 = வலத் தாங்கல் × 6. வலது 4, இடது 8. அப்புறம் அந்தச் சுமைப் புள்ளியை வீணாக்காமல் சரிபார்க்க வைத்துக்கொண்டேன். 8 × 2, 4 × 4, இரண்டும் 16.