மறு: பேசல் காக்னிஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மூளையும் நரம்பும் தோன்றுவதற்கு முன்பே உயிர்களிடம் இருந்த அறியும் செயல்களை ஆராயும் துறை ‘பேசல் காக்னிஷன்’ (basal cognition; basal என்றால் அடியில் உள்ள). இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதும் பரிந்துரைகள் குவிந்துவிட்டன. ஆனால் ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு சொல் தேடுகிறோமோ என்று தோன்றுகிறது. அதனால் முதலில் பொருள், அப்புறம் சொல்.

> ஆங்கில ஒலிப்பையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழெழுத்தில் ‘பேசல்’ என்று படிப்பவர் உயிரிகள் பேசிக்கொள்வதைப் பற்றிய துறை என்றுதான் நினைப்பார்.

> மூளையில்லா அறிவு. எளிமை, நேரடி.

எளிமைதான். இரண்டு சிக்கல்கள். ஒன்று, அது திட்டுவது போல ஒலிக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம்: மூளை இல்லாத உயிர்களை மட்டும் இந்தத் துறை பேசவில்லை. மூளை தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே உயிரணுக்கள் சூழலை உணர்ந்தன, நினைவில் கொண்டன, அதற்கேற்ப நடந்தன. அந்தத் திறன்களின் மேல்தான் பின்னாளில் நரம்பும் மூளையும் எழுந்தன என்பது இத்துறையினர் வாதம். நம் உடம்பின் உயிரணுக்களுக்கும் இது பொருந்தும். 2021இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உயிரியல் ஆய்விதழில் பமேலா லயன், மைக்கேல் லெவின் முதலியோர் இந்தத் தலைப்பில் சிறப்பிதழ்களைத் தொகுத்தபோது, பாக்டீரியா, தாவரம், கரு வளர்ச்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆகவே பெயர் ‘எது இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘எது அடியில் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

இதைக் கண்முன் கொண்டுவர ஃபைசாரம் பாலிசெஃபாலம் போதும். மஞ்சள் நிறத்தில் உளுத்த மரத்தின் மேல் படரும், ஸ்லைம் மோல்ட் எனப்படும் கூழ் போன்ற உயிரி. ஒரே உயிரணு, உள்ளே எண்ணற்ற உட்கருக்கள், அங்கை அளவுக்கும் பரவும். 2000இல் ஜப்பானில் தோஷியுகி நககாகி குழு ஒரு சிறு புதிர்ப்பாதை முழுவதும் இதைப் பரவவிட்டு, இரண்டு முனைகளிலும் ஓட்ஸ் கலந்த உணவை வைத்தது. சில மணி நேரத்தில் அது முட்டுச்சந்துகளிலிருந்து பின்வாங்கி, இரு உணவுகளையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியில் மட்டும் ஒரு தடித்த குழாயாக நின்றது. எப்படி என்பதில் மாயம் இல்லை. அதன் குழாய்கள் சீரான தாளத்தில் சுருங்கி விரிகின்றன. உள்ளே கூழ்மம் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கிறது, ஓட்டம் குறைந்தது மெலிந்து மறைகிறது. 2010இல் தோக்கியோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஓட்ஸ் துணுக்குகளால் குறித்துக் கொடுத்தபோது, அங்குள்ள ரயில் பாதைக்கு நிகரான திறமையோடு ஒரு வலைப்பின்னலை அது போட்டது. இந்த இரண்டுக்குமே சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதே உயிரியை வைத்துச் செய்த வேறொரு சோதனை, 2008இல் வந்தது. மணிக்கொரு தடவை சிறிது நேரம் குளிரையும் வறட்சியையும் காட்டினார்கள்; ஒவ்வொரு முறையும் அது ஊர்வதைக் குறைத்துக்கொண்டது. மூன்று முறைக்குப் பின் நிறுத்திவிட்டார்கள். நான்காவது வேளை வந்தபோது, குளிர் இல்லாமலேயே அது வேகத்தைக் குறைத்தது. நரம்பு ஒன்று கூட இல்லாத ஓர் உயிரணு நேரத்தை எதிர்பார்க்கிறது. இதற்குப் பெயர் வைக்கத்தான் இத்தனை பாடு.

> தொல்காப்பியத்திலேயே இருக்கிறதே: ஓரறிவு.

ஐயா சொன்னதைப் படித்தவுடன் எனக்கும் கை துறுதுறுத்தது. ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று தொடங்கி ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ வரை, உயிர்களை அறியும் முறையால் வகைப்படுத்திய நூல் நம்மிடம் இருக்கிறது. உயிரும் அறிதலும் பிரியாதவை என்பதை ‘புல்லும் மரனும் ஓரறி வினவே’ என்ற ஒற்றை வரி ஏற்றுக்கொண்டுவிடுகிறது. சிலி நாட்டு உயிரியலாளர்கள் மாத்துரானாவும் வரேலாவும் வாழ்தலே அறிதல் என்று வாதிட்டதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் கலைச்சொல்லாக இது உதவாது. தொல்காப்பியம் எண்ணுவது புலன்களை: தொடுதல், சுவை, மோப்பம், பார்வை, கேள்வி, கடைசியில் மனம். நாம் பெயர் தேடுவது புலன் வழியே வந்ததை வைத்து உயிர் என்ன செய்கிறது என்பதற்கு. ஈ.கோலை பாக்டீரியத்தைப் பாருங்கள். நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். தலைப் பக்கம் இனிப்பு அதிகமா வால் பக்கம் அதிகமா என்று ஒரே நேரத்தில் ஒப்பிட அந்த உடம்பு போதாது. அதனால் காலத்தில் ஒப்பிடுகிறது: இப்போதுள்ள செறிவை, சில நொடிகளுக்கு முன்பிருந்த செறிவோடு. கூடியிருந்தால் நேராக நீந்தும், இல்லையென்றால் குட்டிக்கரணம் போட்டுத் திசை மாற்றும். அந்தச் சில நொடி நினைவு, உணர்புரதங்களின் மேல் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதி ஒட்டுகள் ஏறி இறங்குவதில் இருக்கிறது. இனிப்பை உணர்வதால் இதை நாவறிவில் சேர்ப்பதா? சேர்த்தால் புல்லை விட பாக்டீரியம் ஒரு படி மேலே போய்விடும். ஓரறிவை ஓரறிவாகவே விட்டுவிடுவோம்.

> அடிப்படை நுண்ணறிவு?

‘அடிப்படைக் கணினி அறிவு’ கேட்கும் வேலை விளம்பரங்கள் இந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன. தொடக்கப் பாடம் என்ற பொருள்தான் முதலில் வரும். ‘நுண்ணறிவு’ இப்போது கணினிக்காரர்களிடமும் காவல்துறையின் ஒரு பிரிவிடமும் இருக்கிறது. தவிர, நுண்ணறிவு ஒருவரிடம் கூடவோ குறையவோ இருக்கும் அளவு. இங்கே பேச்சு அளவைப் பற்றியது அல்ல, நடக்கும் செயலைப் பற்றியது.

> வேரறிவு. கேட்கவே அழகு.

அழகுதான். ஆனால் வேர் என்றதும் செடி வந்துவிடும், அங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது. வேர்நுனி கீழ்நிலை விலங்கின் மூளை போல் செயல்படுகிறது என்று 1880இலேயே டார்வின் எழுதினார். இந்த நூற்றாண்டில் சிலர் ‘தாவர நரம்பியல்’ என்று ஒரு துறைக்கே பெயர் சூட்டியபோது, 2007இல் 36 தாவர அறிவியலாளர்கள் கூட்டாகக் கடிதம் எழுதி மறுத்தார்கள். செடியில் நரம்பணுவும் இல்லை, மூளையும் இல்லை, பிறகு பெயரில் மட்டும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. நிரூபிக்காததைப் பெயருக்குள் ஒளித்துக் கடத்தக் கூடாது. வேரறிவை எடுத்தால் அந்த வழக்கை நாமே தமிழுக்கு இழுத்துவருகிறோம்.

‘அடியறிதல்’ சுருக்கமாக இருப்பதால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். ஆனால் அடியை அறிதல் என்றும் பிரியும். அடிமுடி தேடிய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பன்றி உருவில் மண்ணைத் தோண்டிய திருமால்தான் நினைவுக்கு வருவார்.

என் பரிந்துரை: அடிநிலை அறிகை.

‘அறிகை’ நான் கண்டுபிடித்தது அல்ல. இலங்கையின் கல்வியியல், உளவியல் நூல்களில் ‘அறிகை விருத்தி’, ‘அறிகைசார்’ என்று புழங்கி வருவது. தமிழ்நாட்டில் நாம் ‘அறிதல் திறன்’, ‘அறிவாற்றல்’ என்று இடத்துக்கு ஒன்றாக எழுதுகிறோம். திறன், ஆற்றல் என்று சேர்த்தவுடன் அது ஒரு தகுதியாகிவிடுகிறது. செய்கை, வருகை போல அறிகை ஒரு நிகழ்வைச் சொல்கிறது; அந்த உயிருக்கு உணர்வுநிலை உண்டு என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லவில்லை. உயிரணு எதையாவது ‘உணர்ந்து வருந்துகிறதா’ என்ற கேள்வி திறந்தே இருக்கிறது, சொல்லும் அதை மூடவில்லை. அடைமொழியும் எளிதாகக் கிடைக்கிறது: அடிநிலை அறிகைசார் ஆய்வு. ‘அடிநிலை’யைத் தாழ்ந்த நிலை என்று படிக்க வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. வரையறையில் ஒரு வரி சேர்த்தால் தீரும்.

வரையறைக்கு என் வரைவு: ‘உயிர் நிலைப்பதற்காகவும் வளர்வதற்காகவும் சூழலை உணர்ந்து, ஒப்பிட்டு, நினைவில் கொண்டு, அதற்கேற்ப நடக்கும் செயல்முறைகளில், நரம்பு மண்டலத்துக்கு முன்பே தோன்றியவை; நரம்பு மண்டலம் உள்ள உயிர்களிலும் இவை தொடர்கின்றன.’ நீளம் என்றால் வெட்டுங்கள், ‘ஒப்பிட்டு’ மட்டும் இருக்கட்டும்.

ஸ்லைம் மோல்ட்டுக்கும் ஒரு நல்ல சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குவோம். அது பூஞ்சை இனமே அல்ல என்பதால், புதுச் சொல்லில் ‘பூஞ்சை’ வரக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.