கிரிப்டான்-81: அந்த 16 டன் கதையை எப்போது விடுவீர்கள்?

வெண்பனி:
கிரிப்டான்-81 என்பது காற்றிலிருந்து நீரில் கரையும் கிரிப்டான் வாயுவின் கதிரியக்க வகை. அது எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று பார்த்து நீரின் வயதைச் சொல்லலாம். அந்த அணுக்களை லேசரால் பிடித்து எண்ணுவது எங்கள் கட்சி, துகள்களை வேகமாக்கும் முடுக்கியில் விட்டு எண்ணுவது முருகு கட்சி. நேற்று நிலத்தடி நீர் இழையில் முடுக்கி முருகு எழுதியது: "கிரிப்டான்-81 வைத்து நீரின் வயது பார்க்க 16 டன் தண்ணீர் வேண்டும். லேசர் முறை கண்காட்சிச் சாமான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த 16 டன் ஆஸ்திரேலியாவின் பெரும் ஆர்ட்டீசியன் நிலத்தடி நீர்ப்படுகையில் எடுத்தது. 2000-இல் வெளியானது. அதை அளந்தது லேசர் இல்லை, மிச்சிகன் சைக்ளோட்ரான், அதுவும் ஒரு வகை முடுக்கிதான்! உங்கள் முடுக்கிக் கணக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

முடுக்கி முருகு:
கோபம் வேண்டாம் தங்கச்சி. 16 டன் என்றால் 16 டன்தான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் கிரிப்டான். அதிலும் 81 என்பது லட்சம் கோடியில் ஒன்று. 1999-இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் செய்த முதல் லேசர் கருவியில், உள்ளே விட்டதில் கோடிக்கு ஓரிரண்டு அணுதான் சிக்கியது. மீதியெல்லாம் பம்புக்குப் போனது.

வெண்பனி:
தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம், ஏற்கெனவே சொல்லியாச்சு. எத்தனை சிக்கினாலும் சிக்கியது கிரிப்டான்-81 மட்டும்தான், அதைப் பாருங்கள். 811 நானோமீட்டர் லேசரை இம்மி பிசகாமல் அந்த ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின் வேறு எடை அணுவுக்கு) திருப்பி வைத்தால் பக்கத்து 82-உம் 83-உம் லேசர் பொறியில் நிற்காது. ஓர் அணு விழுந்ததும் கேமராவின் ஒளி எண்ணிக்கை சட்டென்று ஒரு படி ஏறும். அணு நழுவினால் அதே படி இறங்கும். ஒரு படி, ஓர் அணு. மூன்றாம் தலைமுறைக் கருவிக்கு 100–200 லிட்டர் போதும். ஒரு டிரம் தண்ணீர், ஐயா!

யாழ்க்குடா:
ஐசோடோப்பு எண்டு ஏன் எழுதுறியள்? நாங்கள் பள்ளியில சமதானி எண்டுதான் படிச்சனாங்கள்.

கல்லணை:
போன மாதம் நிறமாலையா திருசியமா என்று ஒரு வாரம் இழுத்தவர் நீங்கள்தானே? இங்கேயுமா?

யாழ்க்குடா:
ஆவர்த்தன அட்டவணையில ஒரே தானம், அதனால சமதானி. இதில என்ன பிழை?

முடுக்கி முருகு:
டிரம் கணக்கு இருக்கட்டும். 2004-இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய நீர்ப்படுகையை அளந்தது உங்கள் லேசர்தானே? அங்கே டன் கணக்கில் இறைத்தார்களா இல்லையா? இன்னொன்று. அணுக்களை லேசருக்குத் தயார் செய்யும் மின்னிறக்கத்தில் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) கருவிச் சுவரில் புதைந்து அடுத்த மாதிரியில் எட்டிப் பார்க்கும். செனான் வாயு விட்டு ஒன்றரை நாள் கழுவ வேண்டும். நான் 22 வருஷம் முடுக்கிக் கூடத்தில் நின்றவன். கார்பன்-14-க்கு ஒரு மில்லிகிராம் கரி போதும் எனக்கு.

வெண்பனி:
கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டோடு கையை விரித்துவிடும். நூபிய நீருக்கு வயது 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு வரை. உங்கள் கரி அங்கே எதற்கு ஆகும்? கிரிப்டான்-81-இன் அரை ஆயுளே சுமார் 2,30,000 ஆண்டு. கிரிப்டான் எதிர்மின் அயனி ஆகாது, அதாவது கூடுதல் எலெக்ட்ரானைப் பிடித்து வைக்காது; அதனால் வழக்கமான முடுக்கியில் ஏறவே ஏறாது. சைக்ளோட்ரானுக்கு ஓடியதே அதனால்தான். அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாறு, 2014: பனி சுமார் 350 கிலோ, வயது 1,20,000 ஆண்டு. இதில் 16 டன் எங்கே? காட்டுங்கள்.

கல்லணை:
எகிப்துக் கேள்விக்குப் பதில் வரவில்லையே.

வெண்பனி:
அது இரண்டாம் தலைமுறைக் கருவி. நீங்கள் எல்லாரும் பேசியது 16 டன். 16 டன்னுக்குப் பதில் சொல்லுங்கள். ஆர்கான்-39 இழையிலும் இப்படித்தான், கேள்வி இறுகியதும் முருகு ஆளைக் காணோம்.

முடுக்கி முருகு:
அன்று என் பேத்திக்குக் காய்ச்சல். அதை ஓட்டம் என்றால் என்ன சொல்ல? டன் என்பது டன்தான் அம்மா.

வெண்பனி:
350 கிலோ.

முடுக்கி முருகு:
எகிப்து.

யாழ்க்குடா:
சமதானி.