புறநகர் வரைவுத் திட்டத்துக்குக் கருத்து எழுத உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புறநகர் விரிவாக்க வரைவுத் திட்டம் ஒன்றுக்குக் கருத்து எழுதித் தர வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் விளிம்பிலுள்ள வயல்களும் தோப்புகளும் பச்சை வண்ணத்தில் இருக்கின்றன. அங்கே மனை பிரிக்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் முதுமைக்கென்று அந்த நிலத்தை வைத்திருப்பவருக்கு என்ன பதில்? காற்றும் நிழலும் எல்லோருக்கும், நட்டம் மட்டும் அவருக்கு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டி 1980இல் ஏறத்தாழ 93,000 ஏக்கரை வேளாண் காப்புப் பகுதியாக்கியது. 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். பதிலாக, 5 ஏக்கருக்கு ஒன்று வீதம் வளர்ச்சி உரிமையை, அதாவது தம் நிலத்தில் கட்டாமல் விட்ட வீட்டுக்கான உரிமையை, உரிமையாளர்கள் விற்கலாம். வாங்கும் கட்டுநர் வேறிடத்தில் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்வார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 'வேறிடத்து' மக்கள் கூடுதல் வீடுகளின் நெருக்கத்தை ஏற்க மறுத்தால் உரிமைப் பத்திரம் வெறும் காகிதம்தானே?

ஆரெகன் மாநிலமோ 2004இல் வாக்கெடுப்பு நடத்தி, 'இழப்பீடு கொடு, இல்லையேல் கட்டுப்பாட்டை விலக்கு' என்று சட்டமாக்கியது. 2007இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதைப் பெரிதும் சுருக்கிக்கொண்டது.

நகரமைப்பு, நிலச் சட்டம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்: உரிமைகளை முதலில் வாங்கி வைத்திருக்க அரசு வங்கி போன்ற ஓர் ஏற்பாடு கேட்கலாமா? வீடுகளை ஒரு மூலையில் நெருக்கிக் கட்டி மீதியைத் திறந்தவெளியாக விட்டால், அதை யார் பராமரிப்பது, பின்னாளில் யாரும் விற்றுவிடாதபடி பத்திரத்தில் என்ன வாசகம் சேர்ப்பது? மாதிரி வாசகம் இருந்தால் அதையே முதலில் அனுப்புங்கள். கருத்துச் சொல்லக் கெடு நெருங்கிவிட்டது.