பிறப்போடு வந்ததில் என்ன பெருமை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செல்லூரான்:

போன ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடையில் என் மாமா மகன் ஒரு கேள்வி கேட்டான். 2018 செப்டம்பர் 6, ஒருபால் உறவு குற்றமில்லை என்று 377-ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று ராத்திரி, நான் யாரென்று முதலில் சொன்னது அவனிடம்தான். "சரி மச்சான், சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டவன். அதனால் அவன் கேட்டதைத் தள்ளிவிட முடியவில்லை.

"மச்சான், உனக்கு ஆம்பளையத்தான் பிடிக்கும்னா அது உன் மனசு. ஆனா பெருமைங்கிறீங்களே, அதான் புரியல. லேத்து கத்துக்கிட்ட, கடை போட்ட, தங்கச்சியக் கட்டிக்குடுத்த, அதுக்குப் பெருமைப்படு. பொறப்போட வந்ததுல என்ன இருக்கு? சாதிப் பெருமை பேசுனா எங்கள அந்தக் கிழி கிழிக்கிற. அவன் கலர்க் கயிறு கட்டுறான், நீங்க கலர்க் கொடி பிடிக்கிறீங்க. வித்தியாசம் சொல்லு."

அங்கே எனக்குப் பதில் வரவில்லை. ஃபிளெக்ஸ் பேனர்களுக்கு நடுவில் வளர்ந்த மதுரைக்காரனுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. இரண்டு நாள் லேத்து முன்னால் நின்றபடி இதையேதான் யோசித்தேன்.

எனக்குத் தோன்றியது இது. சாதிப் பெருமை நிற்க வேண்டுமென்றால் கீழே ஒருத்தன் இருந்தாக வேண்டும். அவனைக் குனியவைக்காமல் அந்தப் பெருமைக்கு உயிர் இல்லை. என் மச்சான் ஒரு பெண்ணைக் கட்டியிருக்கிறான் என்பதால் அவன் எனக்குக் கீழே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, நினைக்கவும் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது வேறு. பத்தாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "ஒன்பது" என்று சார் வாசித்தால் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒன்பதாம் எண் என்னுடையதுகூட இல்லை, வேறொரு பையனுடையது. அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒரு வருடம் முழுக்கக் காலையில் அந்த எட்டு எண்களையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூச்சம் எனக்குப் பிறப்போடு வரவில்லை, பாடம் மாதிரி தினம் தினம் சொல்லிக்கொடுத்தார்கள்.

1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தபோது, அடிவாங்கிப் பழகியவர்கள் திருப்பி நின்றார்கள். மறு வருடம் அதே நாளில் ஊர்வலம் போனார்கள். பின்னால் அங்கே அதற்குப் பெருமை (Pride) என்று பேர் வந்தது. சென்னையில் 2009-லிருந்து நடக்கும் ஊர்வலத்துக்குத் தமிழில் என்ன பேர் தெரியுமா? வானவில் சுயமரியாதைப் பேரணி. அந்தச் சொல் நம் ஊரில் 1925-லிருந்து புழங்குகிறது, யாருக்காகப் புழங்கியது என்றும் நமக்குத் தெரியும். மச்சானிடம் பெருமை என்று சொன்னதற்குப் பதிலாக இதைச் சொல்லியிருந்தால் அவனே புரிந்துகொண்டிருப்பான். 'ரோசம்' என்று சொல்லியிருந்தாலும் போதும்.

உங்களிடம் இப்படி யாராவது கேட்டார்களா? என்ன நடந்தது?

பேர் வேண்டாம், உசிலம்பட்டி:

தம்பி, எனக்கு 52 வயது. 2012 ஜூலை 29 அன்று மதுரையில் வானவில் ஊர்வலம் நடந்தது. அன்றைக்கு நான் பைக்கில் போனேன். எப்போதும் போடாத ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகள். முகத்தை மூடாமல் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி 14 வருடம், இரண்டு பிள்ளைகள்.

எனக்குப் பெருமை கிடையாது. என் வீட்டுக்காரிக்கு நான் செய்தது அநியாயம், அதைச் சுமந்துகொண்டு பெருமை பேச முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மாதிரி எனக்கு இருபது வயதில் நாலு பேர் இருந்திருந்தால் அவள் வாழ்க்கையாவது தப்பித்திருக்கும். நீங்கள் சொல்லும் ரோசம் என்னோடு முடிகிற விஷயம் இல்லை, கட்டிக்கொடுக்கப்படுகிற பெண்ணையும் சேர்த்துத்தான். அன்று வீட்டுக்கு வந்தும் ரொம்ப நேரம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

திருநகர் மகள்:

அண்ணே, உங்கள் வரிகளை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

என்னை 2016-ல் அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "சரியாயிரும், கல்யாணத்துக்குப் பாத்துட்டு இருங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு மாத்திரை! நான்கு மாதம் சாப்பிட்டேன். தூக்கம்தான் வந்தது.

பிறகு 2021. ஒருவரையொருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் வழக்கு, அவர்கள் நம் மதுரைப் பெண்கள். பெற்றவர்கள் காணவில்லை என்று இங்கே புகார் கொடுத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்ட பிறகுதான் ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். போலீஸ் தொந்தரவு கூடாது, சிகிச்சை என்ற பேரில் மாற்ற முயல்வதும் கூடாது என்று அதில் இருந்தது. பேப்பரில் வந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஜட்ஜு அய்யாவே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேங்கிறாரா? அந்த டாக்டரு ஏன்டி படிக்கல?" என்றார். அப்புறம் அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டார். ஐந்து வருடம் அதை எதற்கு வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை கேட்கத் தோன்றவில்லை.

அம்மா என்னைப் பற்றிப் பெருமைப்படுகிறாரா, தெரியாது. என்னை நினைத்து அழுவதை நிறுத்திவிட்டார்.

மேலூர் டீச்சர்:

கயிறு என்று செல்லூர்த் தம்பி எழுதியதால் சொல்கிறேன். பள்ளியில் சாதி அடையாளக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பிருந்தே எங்கள் பள்ளியில் கத்திரிக்கோலோடு நிற்போம். ஒருநாள் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் கயிறுகளை வெட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கையில் வானவில் நிறத்தில் ஒரு கயிறு. "இது யாரு கயிறும்மா?" என்றேன். "எங்க அண்ணனுக்காகக் கட்டியிருக்கேன் மிஸ். அவன வீட்டுல சேக்க மாட்டேன்னுட்டாங்க. திருப்பூர்ல இருக்கான்" என்றாள்.

எனக்குக் கை ஓடவில்லை. மற்றக் கயிறெல்லாம் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை ஒதுக்கக் கட்டியது. இது ஒதுக்கப்பட்ட ஒருவனுக்காகக் கட்டியது. ஆனால் நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவளுக்கு மட்டும் விட்டால் நாளைக்கு எவன் கேட்பான்? நான் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். "எல்லாரோடதும் போறப்ப என்னோடதும் போகட்டும் மிஸ்."

செல்லூரான்:

டீச்சர், அந்தக் கயிறு என்ன ஆச்சு?

மேலூர் டீச்சர்:

மற்றதையெல்லாம் எரித்துவிட்டோம். இது என் மேசை டிராயரில் சாக்பீஸ் டப்பாவுக்குள் இருந்தது. பிளஸ் டூ முடித்து டி.சி. வாங்க வந்தபோது கொடுத்தேன். கட்டிக்கொள்ளவில்லை. "அண்ணன் கையில கட்டணும் மிஸ்" என்று பைக்குள் வைத்துக்கொண்டு, திருப்பூர் பஸ் ஆரப்பாளையத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.