பம்பிங் கிணத்துல ஜாயிண்ட் ஒழுகுது, பிளக் சிமெண்ட் நிக்க மாட்டேங்குது: உதவி வேணும்

கேள்வி:
பாளையங்கால்வாய் பக்கம் கழிவுநீர் பம்பிங் கிணறு. உள்விட்டம் 4 மீட்டர், ஆழம் 7 மீட்டர், சுவர் 300 மி.மீ., அடித்தளம் 500 மி.மீ. மேல்மூடி இன்னும் போடல. தரையிலிருந்து 4.5 மீட்டர் கீழ, ரெண்டு லிஃப்ட் (ஒரு தடவையில வார்த்த கான்கிரீட் உயரம்) சேர்ற ஜாயிண்ட்ல 2.5 மீட்டர் நீளத்துக்கு ஒழுகுது. கார் சாகுபடிக்குத் தண்ணி திறந்ததுல நிலத்தடி நீர் தரைக்கு 1.5 மீட்டர் கீழ வரைக்கும் ஏறிட்டு. பிளக் சிமெண்ட் (சீக்கிரமா இறுகுத சிமெண்ட்) ரெண்டு தடவை வச்சாச்சு. மறுநாளே பேந்து விழுது, பக்கத்துல புதுசா பீச்சுது. கிணத்த முழுசா இறைச்சுட்டுத்தான் வேலை பாக்கோம். வழி சொல்லுங்க அண்ணாச்சி.

பதில் 1:
முழுசா இறைக்கத மொதல்ல நிறுத்துங்க தம்பி. அடிப்பரப்பு 16.6 சதுர மீட்டர். தளத்தோட அடி 7.5 மீட்டர்ல இருக்கு. 6 மீட்டர் தண்ணி கீழிருந்து தூக்குது, கிட்டத்தட்ட 100 டன். சுவரும் தளமும் சேத்தே 92 டன்தான். சுத்தியுள்ள மண்ணோட பிடிமானத்துலதான் கிணறு மெதக்காம நிக்குது. உள்ள 1.5 மீட்டர் தண்ணி நிக்கட்டும், 19 டன் கூடும். ஜாயிண்ட் அதுக்கு ஒரு மீட்டர் மேலதான இருக்கு, சாரம் கட்டிப் பாருங்க. மேல்மூடி போடுத வரைக்கும் அந்தத் தண்ணிய எடுக்காதீங்க.

பதில் 2:
பிளக் ஏன் பேருதுன்னா, பின்னால 3 மீட்டர் தண்ணி விடாம தள்ளுது, நீங்க முகத்த மட்டும் மூடுதீங்க. ஜாயிண்டுக்குள்ள வழி தொறந்தே கெடக்கு, தண்ணி பக்கவாட்டுல ஓடி வேற எடத்துல வெளிய வருது. அதனால தண்ணிக்கு ஒரு வழி விட்டுட்டு மத்தத அடைங்க.

அதிகமா பீச்சுத எடத்துல 20 மி.மீ. பைப்ப வால்வோட வச்சு, தொறந்தே விடுங்க. மிச்ச நீளத்துல 25 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டணும். வாயை விட உள்ள கொஞ்சம் அகலமா. ‘வி’ மாதிரி வெட்டினா தண்ணி பிதுக்கித் தள்ளிரும். பிளக் சிமெண்ட ரப்பர் கையுறையில உருட்டி, உள்ளங்கையில சூடு தெரிஞ்ச நிமிஷமே அமுக்கி, இறுகுத வரைக்கும் கைய அசைக்காம பிடிக்கணும். முந்தினா கரைஞ்சிரும், பிந்தினா ஒட்டாது.

அது ஒரு மூடிதான். உண்மையான அடைப்பு பியூ கிரவுட், அதாவது தண்ணி பட்டா நுரைச்சு இறுகுத பாலியூரித்தேன் மருந்து. ஜாயிண்ட்ல இருந்து 150 மி.மீ. தள்ளி 45 டிகிரி சாய்வுல 14 மி.மீ. பிட்டால துளை போட்டா சுவரோட நடுவுல ஜாயிண்ட வெட்டும். 250 மி.மீ. நீளம் போங்க. 200 மி.மீ.க்கு ஒண்ணா, மேல ஒண்ணு கீழ ஒண்ணு மாத்தி, 13 மி.மீ. பேக்கர் (மருந்து ஏத்துத முனைக்குழாய்) பதிமூணு பதினாலு வேணும். துளையில தண்ணி வந்தா சரியான எடம். வரலைன்னா தவறிட்டு, வேற துளை போடுங்க. தூசியத் தண்ணி விட்டு அலசாம பேக்கர் மாட்டினா வழுக்கிட்டு வெளிய வந்துரும்.

ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு, அடுத்த பேக்கர்ல நுரை எட்டிப் பாத்ததும் அதுக்கு மாறுங்க. அழுத்தம் ஏறியும் மருந்து போகலைன்னா கூட்டாதீங்க, சுவர் பொளந்துரும்.

தண்ணிய உறிஞ்சி ஊதுத ஜெல் வகை வேண்டாம். சித்திரை வைகாசியில கால்வாய் அடைச்சு நீர்மட்டம் இறங்கினா அது காஞ்சு சுருங்கிரும். தண்ணிய ஒதுக்குத வகைய வாங்கி, அந்தக் கிணத்துத் தண்ணியிலேயே ஒரு கப்ல கலந்து எத்தன நொடியில நுரைக்குன்னு பாத்துட்டு வேகமூட்டிய அளங்க. ஆவி நெஞ்சுக்கு ஆகாது. புளோயர், கண்ணாடி, முகமூடி இல்லாம ஆள இறக்காதீங்க.

கேட்டவர்:
ஒரு எடத்துல கலங்கலா வருது. 20 லிட்டர் வாளியில பிடிச்சு அரைமணி வச்சா அடியில ஒரு விரல்கடை மணல் நிக்குது.

பதில் 1:
அப்போ அதுதான் மொத வேலை. சுவருக்குப் பின்னால குழி விழுது. இன்னைக்கே அங்க 40 மி.மீ. பைப்ப வால்வோட வச்சு, வாயில வடிதுணி கட்டி மணல நிறுத்துங்க. அதுலயும் மணல் வந்தாலோ, மேல தரை அமுங்கினாலோ ஆள வெளிய ஏத்திட்டுக் கிணத்துல தண்ணி ஏற விடுங்க.

பியூ முடிஞ்சு ஒரு நாள் கழிச்சு ரெண்டு வால்வையும் அடைச்சுப் பாருங்க. எங்கயும் ஒழுகலைன்னா அந்த 40 மி.மீ. பைப் வழியாவே சிமெண்ட் பால் ஏத்தலாம்: ஒரு மூட்டைக்கு 50 லிட்டர் தண்ணி, ஒண்ணரைக் கிலோ பெண்டோனைட் (தண்ணியில ஊதுத களிமண் பொடி). பெண்டோனைட்ட முன்னாலயே ஊறப்போட்டுருங்க. சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தத்த தாண்டாதீங்க. பியூவுக்கு முன்னால ஏத்தினா ஓடுத தண்ணியில சிமெண்ட் கழுவிட்டுப் போயிரும். தண்ணி நின்னாத்தான் இறுகும்.